கடைசி வாரம்: விடுதி அறையிலிருந்து பீளமேடு வரை

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர்ப் பக்கத்திலிருந்து சீனாவுக்குக் கோடைக்கால மொழிப் படிப்புக்குப் போகிறவர்கள் கடைசி வாரத்தைப் பெரும்பாலும் கடைவீதியில்தான் கழிக்கிறார்கள். ஜூலையில் தொடங்கிய நான்கு வார, ஆறு வார வகுப்பு ஆகஸ்டில் முடிவதற்குள் பெட்டி நிறைந்துவிடும். பச்சைத் தேயிலை, போன் உறை, அக்காவுக்குப் பட்டுத் துண்டு, கம்பெனியில் கேட்டார்கள் என்று நாலு சாம்பிள் துணி. ஊருக்கு வந்து தேயிலையைப் பங்கு போட்டுக் கொடுத்த பிறகு, ஹாங்சோவில் கூடப் படித்த பையனிடம் ஏதோ ஒன்று கேட்கலாம் என்று போனைத் திறந்தால் அவன் கிடைக்க மாட்டான். சீனர்கள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் வீசாட் செயலி இந்தியாவில் வேலை செய்யாது.

2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் வீசாட்டும் ஒன்று. டிக்டாக் போனதைத்தான் ஊரெல்லாம் பேசியது. மொழி படிக்கிறவனுக்கு அடி வீசாட்டில் விழுந்தது. பைடு மொழிபெயர்ப்பும் பைடு வரைபடமும் அதே பட்டியலில் இருந்தன. அந்த ஆண்டு செப்டம்பரிலும் நவம்பரிலும் வந்த அடுத்த பட்டியல்களில் டென்சென்ட்டின் வூவ், அலிபாபாவின் டிங்டாக், அலிஎக்ஸ்பிரஸ், சீனத் தொடர் பார்க்கும் வீடிவி எல்லாம் சேர்ந்துகொண்டன. அந்தப் பக்கமோ வாட்ஸ்அப், கூகுள், இன்ஸ்டாகிராம் எதையும் திறக்க விடாது. ஆக, சீனாவில் இருக்கும்வரை விரல் நுனியில் இருந்த அத்தனை பேரும் திரும்பும் வழியில் சிங்கப்பூர் தாண்டியதும் காணாமல் போய்விடுவார்கள். படித்த மொழி அதற்குப் பிறகு எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்ல ஜோசியர் வேண்டியதில்லை. அதனால்தான் இந்த அத்தியாயத்தில் பெட்டி கட்டுவதைப் பின்னால் தள்ளிவிட்டு ஆட்களை முன்னால் வைத்திருக்கிறேன்.

முதலில் ஆட்கள்

ஊர் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது ஒரு தாளை எடுத்து, தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்று நினைக்கிற ஆட்களின் பெயரை எழுதுங்கள். வகுப்பாசிரியர், மொழித் தோழர், விடுதி மேற்பார்வை அம்மா, துணிச் சந்தையில் பேரம் பேசப் பழக்கிவிட்ட கடைக்கார அக்கா. பத்துப் பேருக்கு மேல் தேறாது, தேறவும் வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மின்னஞ்சல் முகவரி வாங்குங்கள். இரண்டு நாட்டிலும் தடையில்லாமல் போய்வருகிற வழி கிட்டத்தட்ட அது ஒன்றுதான். இரண்டு பேரிடமும் ஐபோன் இருந்தால் ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் வேலை செய்யும். ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிற சீனர்கள் வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக வாட்ஸ்அப் வைத்திருப்பார்கள். ஆசிரியரிடமும் மாணவரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது.

முகவரி வாங்கினால் மட்டும் போதாது. சீன இளைஞர்களுக்குக் கியூக்யூ மின்னஞ்சலோ 163 மின்னஞ்சலோ இருக்கும். அதைத் திறந்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு கடிதம் அனுப்பி, அவர்கள் போனில் வந்து சேர்ந்ததா என்று பார்த்து, பதில் போடச் சொல்லுங்கள். ஸ்பேமில் விழுந்தால் அங்கேயே எடுத்துவிடலாம். சீனாவுக்குள் ஜிமெயில் திறக்காது என்பதால் இந்தச் சோதனைக்கு ஓர் அவுட்லுக் முகவரி தொடங்கிக்கொள்வது நல்லது. விசிட்டிங் கார்டு கொடுத்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அங்கே பல கார்டுகளில் வீசாட் க்யூஆர் கட்டம்தான் இருக்கும், மின்னஞ்சல் இருக்காது. பேனாவைக் கொடுத்து பின்பக்கம் எழுதச் சொல்லுங்கள்.

கடிதத்தில் சிநேகம் நிற்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963-இல் தொடங்கியது. தமிழ்நாட்டு ஊர்களில் அதற்கு நேயர் மன்றங்கள் இருந்தன. சிற்றலையில் கேட்டுவிட்டு பெய்ஜிங்குக்குக் கடிதம் எழுதுவார்கள், அங்கிருந்து தமிழ் படித்த சீனர்கள் தமிழிலேயே பதில் எழுதுவார்கள். ஆண்டுக்கணக்கில் நடந்தது இது. போன தலைமுறை தபாலை நம்பிச் செய்ததை நாம் மின்னஞ்சலில் செய்ய முடியாதா என்ன?

வீசாட்டுக்குள் இருக்கிற சரக்கை எடுப்பது அடுத்த வேலை. வகுப்புக் குழுவில் ஆசிரியர் போட்ட கோப்புகளைத் திறந்து போனில் சேமியுங்கள். திறக்காமல் விட்டது சில நாளில் காலாவதியாகிவிடும். உரையாடலைக் கணினியில் காப்பு எடுத்தாலும் அதை மறுபடி வீசாட்டுக்குள்தான் விரிக்க முடியும் என்பதால் நமக்குப் பிரயோஜனமில்லை. முக்கியமானதை ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள். குரல் செய்திகளை வெளியே கொண்டுவருவது இன்னும் சள்ளை. ஒரு போனில் ஓடவிட்டு இன்னொரு போனில் பதிவு செய்வதுதான் சுருக்கு வழி. கணக்கை நீக்க வேண்டாம். அடுத்த முறை போகும்போது தேவைப்படும். சீன சிம்மை ஒப்படைப்பதற்கு முன் கணக்கில் மின்னஞ்சலையும் இணைத்துவிடுங்கள். அந்த எண் பின்னால் வேறு யாருக்காவது போய்விடும்.

விபிஎன் போட்டு இந்தியாவிலும் வீசாட் ஓட்டலாம் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். தடை செய்த செயலியை நம்பி ஒரு வியாபாரத் தொடர்பை வைப்பது புத்திசாலித்தனமாக எனக்குப் படவில்லை.

மொழித் தோழரோடு கடைசிச் சந்திப்புகள்

பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒரு சீன மாணவரை உங்களோடு சேர்த்துவிடும். ஒரு மணி நேரம் சீனம், ஒரு மணி நேரம் உங்கள் மொழி என்பது ஏற்பாடு. நடைமுறையில் நம் பிள்ளைகள் சீனத்தை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஆங்கிலத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். தமிழ் கேட்கிறவர்களும் உண்டு. பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்திலும் குன்மிங்கில் உள்ள யுன்னான் மின்சூ பல்கலைக்கழகத்திலும் தமிழ் பாடமாகவே இருக்கிறது. அந்த ஊர்களில் படித்தால் அந்தத் துறையைத் தேடிப் போய்ப் பாருங்கள். சென்னைத் தமிழும் பாடப்புத்தகத் தமிழும் கேட்டுப் பழகியவர்களுக்கு "ஏனுங்க, எப்ப வந்தீங்?" என்று ஒரு கொங்குப் பேச்சு கேட்கக் கிடைத்தால் அதைப் பதிவு செய்துகொள்ளவே ஆள் நிற்கும். கடைசி வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அவர்கள் கேட்டதையெல்லாம் நிதானமாகப் பேசிப் பதிவு செய்து கொடுத்துவிட்டு வாருங்கள்.

அவர்களிடமிருந்து நீங்கள் வாங்க வேண்டியது வேறு. வகுப்பில் படித்த வார்த்தைகளுக்குப் புத்தகத்தோடு ஒலிப்பதிவு இருக்கிறது. உங்கள் வீட்டுத் தொழிலின் வார்த்தைகளுக்கு இல்லை. பனியன் கம்பெனி வீடென்றால் நூல், கவுண்ட், ஜிஎஸ்எம், நீடில், சாயம், சுருக்கம், சாயம் போகாத தன்மை, டெலிவரி தேதி. பம்பு செட், ஃபவுண்டரி என்றால் காஸ்டிங், இம்பெல்லர், ஆர்பிஎம், துரு. மஞ்சள் மண்டி என்றால் ஈரப்பதம், பாலிஷ், கிழங்கு, விரலி. நூறு சொல் போதும். தாளில் சீன எழுத்தோடு எழுதி, தோழரை ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லுங்கள். முதலில் மெதுவாக, பிறகு கடையில் பேசுகிற வேகத்தில். துணிக்கு ‘பு', நூலுக்கு ‘ஷா' என்று தமிழில் எழுதி வைத்துக்கொண்டால் தொனி போய்விடும். சீனத்தில் தொனி போனால் சொல்லே போச்சு. பதிவுதான் காப்பாற்றும்.

தோழர்களும் தொழில் வார்த்தை தெரியாமல் திணறுவார்கள். அப்போது இருவருமாகச் சந்தைக்கே போய்விடுங்கள். ஹாங்சோவில் படிக்கிறவர்களுக்கு இதில் அதிர்ஷ்டம். ஷாவ்ஷிங்கை ஒட்டிய கெச்சியாவ் துணிச் சந்தைக்கு மெட்ரோவிலேயே போகலாம், நடுவில் ஓர் இடத்தில் ரயில் மாற வேண்டும். உலகத்தின் பெரிய துணிச் சந்தைகளில் ஒன்று அது; இந்திய வியாபாரிகள் குடியிருந்தே தொழில் செய்கிறார்கள், இந்தியச் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. கடைக்காரர்கள் தங்களுக்குள் ஷாவ்ஷிங் பேச்சில் பேசிக்கொள்வார்கள். அது உங்களுக்குப் புரியாது, தோழருக்கும் அரைகுறைதான். குவாங்சோவில் கான்டனீஸோடு இதே கதை. கவலைப்பட வேண்டியதில்லை, உங்களிடம் திரும்பும்போது பொதுமொழிக்கு வந்துவிடுவார்கள்.

இன்னொன்று, எண். சந்தையில் நம்மவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். சீனர்கள் பத்தாயிரத்தை ஓர் அலகாக வைத்து எண்ணுகிறார்கள். அதற்கு ‘வான்' என்று பெயர். நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து வான். ஐம்பது வான் என்றால் ஐந்து லட்சம். ஒரு கோடி என்பது ஆயிரம் வான். தலைக்குள் லட்சத்திலிருந்து மில்லியனுக்குப் போய் அங்கிருந்து வானுக்கு வருகிறவன் இரண்டு இடத்தில் சைபரைத் தொலைப்பான். நேரே லட்சத்திலிருந்து வானுக்குப் போகப் பழகுங்கள். தோழரை வேகமாக எண்களைச் சொல்லச் சொல்லி நீங்கள் ரூபாய்க் கணக்கில் எழுதுங்கள், தினம் கால் மணி நேரம். ஆறிலிருந்து பத்து வரை ஒற்றைக் கையால் காட்டுகிற விரல் கணக்கையும் அப்போதே கற்றுக்கொள்ளலாம்.

சான்றிதழும் பெயரும்

நிறைவு விழாவுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போய், அச்சடிக்கப் போகிற பெயரைப் பார்த்துவிடுங்கள். தமிழ்ப் பெயர் அவர்களை ரொம்பவே குழப்பும். சீனத்தில் குடும்பப் பெயர் முன்னால் வரும். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டிருப்போம், அல்லது காலியாக விட்டிருப்போம். விளைவு, கவின் என்ற பையனைக் கோடை முழுக்க ஆசிரியர் "பழனிசாமி" என்று கூப்பிட்டிருப்பார். அவனும் அப்பாவுக்குப் பதிலாக ஆஜர் சொல்லிப் பழகியிருப்பான். வகுப்பில் அது சிரிப்பு. சான்றிதழில் வந்தால் நாளை உதவித்தொகைக்கோ விசாவுக்கோ விண்ணப்பிக்கும்போது தலைவலி. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தும் வரிசையும் அப்படியே வர வேண்டும் என்று பாஸ்போர்ட் நகலோடு சொல்லுங்கள்.

நிறைவுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் தனித்தனித் தாள்கள். பலர் முதலாவதை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். இரண்டிலும் பல்கலைக்கழகத்தின் சிவப்பு வட்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சீனாவில் கையெழுத்தைவிட முத்திரைக்குத்தான் மதிப்பு. எச்எஸ்கே என்ற சீன மொழித் திறன் தேர்வு எழுதியிருந்தால் முடிவு வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும், அதற்குள் நீங்கள் ஊரில் இருப்பீர்கள். தேர்வு எண்ணையும் இணையக் கணக்கின் கடவுச்சொல்லையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த மதிப்பெண் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு இரண்டு ஆண்டு செல்லும்.

கணக்கு முடிப்பது

விடுதி முன்பணத்துக்கு முதல் நாள் கொடுத்த ரசீது கையில் இருந்தால்தான் பணம் திரும்பும். அதை வீசாட்டில் போட்டுவிடுகிறோம் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், ரொக்கமாகக் கேளுங்கள். ஊருக்கு வந்தபின் அந்தப் பணம் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிற மாதிரிதான். வீசாட், அலிபே இரண்டிலும் இந்திய விசா, மாஸ்டர்கார்டு அட்டையை இணைத்துச் செலவு செய்திருப்பீர்கள். 200 யுவானுக்கு மேல் போகும் ஒவ்வொரு செலவுக்கும் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள் என்பதை நினைவில் வைத்து, பெரிய பில்களைக் கையில் உள்ள ரொக்கத்தில் தீருங்கள். சாப்பாட்டு அட்டையில் மீதி இருந்தால் கடைசி இரண்டு நாளில் நண்பர்களுக்கு நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்துவிடலாம். சிம்மை வாங்கின ஊரிலேயே கடைக்குப் பாஸ்போர்ட்டோடு போய் ரத்து செய்யுங்கள். விமான நிலையத்துக்குக் கிளம்புகிற நாள் காலை அதற்கு வசதி.

மிச்ச யுவானைக் கோவைக்குக் கொண்டுவந்து மாற்றினால் நஷ்டம். சீன வங்கிக் கிளையில் டாலராக மாற்றலாம், ஆனால் முதலில் மாற்றியபோது கொடுத்த ரசீதைக் கேட்பார்கள். அது 24 மாதம் செல்லும். 20,000 யுவானுக்கு மேல் ரொக்கத்தை நாட்டுக்கு வெளியே எடுத்துவர விடமாட்டார்கள். ஊர் வந்த பிறகு 2,000 டாலர் மதிப்புக்கு மேல் நோட்டு கையில் இருந்தால் 180 நாளுக்குள் வங்கியில் ஒப்படைக்க வேண்டும் என்பது நம் பக்கத்து விதி.

பொருள் வாங்கியிருந்தால் வரித் திரும்பப்பெறும் வசதியை விடாதீர்கள். 183 நாளுக்குள் தங்கிப் போகிற வெளிநாட்டவர், அதற்கான பலகை மாட்டிய கடையில் ஒரே நாளில் 200 யுவானுக்கு மேல் வாங்கினால் கேட்கலாம். 2025 ஏப்ரலுக்கு முன் இது 500 யுவானாக இருந்தது. கடையிலேயே படிவம் வாங்கி, விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுப்பதற்கு முன்பு சுங்கத்தில் பொருளைக் காட்டி முத்திரை வாங்க வேண்டும். பெட்டி பெல்ட்டில் போன பிறகு ஞாபகம் வந்தால் பிரயோஜனமில்லை.

விடை விருந்து

வட்ட மேசையில் வாசலைப் பார்த்த இருக்கை விருந்து கொடுப்பவருடையது. அதில் போய் உட்காராதீர்கள். கோப்பையை இடிக்கும்போது ஆசிரியருடைய கோப்பையைவிட உங்களுடையது சற்றுத் தாழ இருக்கட்டும். பெரியவர்களுக்கு முன் துண்டை இடுப்பில் கட்டின ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பைஜியூ நம்ம ஊர்க் கணக்கில் ரொம்பக் காட்டமான சரக்கு. குடிக்காதவர்கள் தேநீர்க் கோப்பையைத் தூக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அதற்கு அவர்களிடமே ஒரு மரியாதைச் சொல்வழக்கு இருக்கிறது.

பரிசுக்கு ஊரிலிருந்து போகும்போதே ஒதுக்கி வைக்க வேண்டும் என்று இரண்டாம் அத்தியாயத்தில் சொன்னேன். பவானி ஜமக்காளம் சின்ன அளவில் ஒன்று, சென்னிமலைப் போர்வை ஒன்று, கடலை மிட்டாய்ப் பெட்டிகள் சில. நெய்யில் செய்த பலகாரம் வேண்டாம். பால் பொருள்களைப் பயணிகள் கொண்டுபோகச் சீனச் சுங்கம் அனுமதிப்பதில்லை. கடிகாரம் பரிசாகக் கொடுக்கக் கூடாது, வெள்ளை உறையில் எதையும் கொடுக்கக் கூடாது, இரண்டும் அங்கே சாவைச் சேர்ந்தவை. விலை உயர்ந்த பொருளை ஆசிரியர் வாங்கவும் மாட்டார்.

விழாவில் இரண்டு நிமிடம் பேசச் சொல்வார்கள். சீனக் கலாசாரத்தின் பெருமையைப் பற்றி எல்லா நாட்டு மாணவர்களும் பேசி முடித்திருப்பார்கள். நீங்கள் நொய்யலைப் பற்றியோ, தறிச் சத்தத்தைப் பற்றியோ, அப்பாருடைய மாட்டைப் பற்றியோ தெரிந்த வார்த்தைகளில் பேசுங்கள். அதைத்தான் உட்கார்ந்திருப்பவர்கள் இதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்கள்.

பெட்டி

சுருக்கமாக முடிக்கிறேன். ட்ரோன் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும். 2022 பிப்ரவரியிலிருந்து முழுமையாகச் செய்த ட்ரோன் இறக்குமதிக்கு இந்தியாவில் தடை. இ-சிகரெட் 2019-லிருந்தே தடை. விதை, செடி, கிழங்கு எதுவும் வேண்டாம். "ஏங் கண்ணு, அங்க நீளப் பூசணி ஒன்னு இருக்குதாமா, நாலு வெத கொண்டா" என்று தோட்டத்திலிருந்து மாமா போன் செய்வார். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் கொண்டுவர முடியாது என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள். பதினெட்டு வயது நிரம்பியவர்கள் ஒரு லேப்டாப் தீர்வையில்லாமல் கொண்டுவரலாம். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். 2025 ஜூன் 28 முதல் 3சி என்ற சீனத் தரச்சான்று முத்திரை இல்லாத பவர் பேங்கைச் சீன உள்நாட்டு விமானத்தில் ஏற்ற விடுவதில்லை. ஊரிலிருந்து கொண்டுபோனதில் அந்த முத்திரை இருக்காது, உள்நாட்டு விமானம் ஏறுவதாக இருந்தால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். சாம்பிள் துணியில் கடை பெயர், ஜிஎஸ்எம், விலை எழுதின சீட்டைக் குண்டூசி போட்டுக் குத்தி வையுங்கள். ஊர் வந்தபின் பத்துச் சாம்பிளும் ஒன்றுபோலவே இருக்கும்.

விசா நாளும் புயலும்

விசாத் தாளில் இரண்டு கணக்கு இருக்கும். எந்தத் தேதிக்குள் நுழைய வேண்டும் என்பது ஒன்று, நுழைந்தபின் எத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொன்று. முதலாவதைப் பார்த்துவிட்டு நாள் இருக்கிறது என்று சுற்றப் போகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நாள் தாண்டினால் தினம் 500 யுவான் வீதம் 10,000 யுவான் வரை அபராதம், காவலில் வைக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. வகுப்பு முடிந்து விடுதியைக் காலி செய்தபின் ஹோட்டலில் தங்கினால் காவல்துறைப் பதிவை ஹோட்டலே செய்துவிடும். தோழர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் நீங்களே பதிய வேண்டும்.

விமானம் ஏறுகிற நாளுக்கும் தங்கும் காலம் முடிகிற நாளுக்கும் நடுவில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கடற்கரையில் புயல் காலம். 2024 செப்டம்பரில் பெபின்கா புயல் ஷாங்காயைத் தாக்கியபோது இரண்டு விமான நிலையங்களிலும் விமானங்கள் ரத்தாயின. ஷாங்காய் வழியாக வருகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அதிவேக ரயில் பெரும்பாலும் ஹொங்ச்சியாவ் நிலையத்தில் இறக்கிவிடும். பன்னாட்டு விமானம் பெரும்பாலும் நகரின் மறு கோடியில் உள்ள புடோங்கிலிருந்து கிளம்பும். 2024 டிசம்பரில் திறந்த விமான நிலைய இணைப்பு ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம்.

கோவைக்காரர்களுக்குத் தோதான வழி சிங்கப்பூர்தான். ஸ்கூட் விமானம் அங்கிருந்து நேரே பீளமேடு விமான நிலையத்தில் இறங்குகிறது. ஹாங்சோ, குவாங்சோ நகரங்களிலிருந்தும் சிங்கப்பூருக்கு அதே நிறுவனம் பறக்கிறது. முழுப் பயணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். இரண்டு டிக்கெட்டாக வாங்கினால் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்கக் குடியேற்றத்தைத் தாண்ட வேண்டி வரும், அதற்கு இந்தியர்களுக்குச் சிங்கப்பூர் விசா தேவை. ஐந்தாண்டுக்கு மேல் நின்றுபோயிருந்த இந்தியா-சீனா நேரடி விமானம் 2025 அக்டோபர் 26 அன்று கொல்கத்தா-குவாங்சோ தடத்தில் மறுபடி தொடங்கியது. அந்த வழியில் வந்தால் சுங்கச் சோதனை கொல்கத்தாவிலேயே முடிந்துவிடும்.

ஃபூஜியன் மாகாணத்தில் படித்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஷியாமெனிலிருந்து சுவான்சோ ரயிலில் கிட்டம்தான். 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்த துறைமுகம் அது. சிவன் கோயில் ஒன்றும் இருந்திருக்கிறது. கய்யுவான் புத்தக் கோயிலின் பின்பக்கத் தூண்களில் நம்ம ஊர்ச் சிற்பங்களைப் பார்க்கலாம், கடல்வணிக அருங்காட்சியகத்தில் இன்னும் நிறைய. கடைசி வாரத்தில் ஒருநாள் மிச்சமிருந்தால் கடைவீதிக்குப் பதிலாக அங்கே போங்கள்.

வந்த பிறகு முதல் மாதம்

அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டு, தூங்கி எழுந்த அன்றைக்கே பட்டியலில் உள்ளவர்களுக்கு ஒரு வரியாவது எழுதுங்கள். பேச நேரம் குறித்துக்கொள்வதாக இருந்தால் சீனா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது என்பதைப் பாருங்கள். நமக்கு இரவு எட்டரை ஆகும்போது அங்கே பதினொன்று. பல கல்லூரி விடுதிகளில் விளக்கணைக்கும் நேரம். மாலை ஆறரை என்றால் இருவருக்கும் சௌகரியம். டீம்ஸ் போன்றவற்றில் பேசிப் பாருங்கள், இழுத்தால் குரல் பதிவை மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளுங்கள். வாரம் ஒரு பதிவு, மூன்று நிமிடம், அன்றைக்கு நடந்ததைப் பற்றி. அகராதிக்குப் ப்ளீகோ இந்தியாவிலும் தடையில்லாமல் ஓடுகிறது.

வீட்டில் அப்பாரு "என்ன சாமி, சீனப் பாச பேசிக் காட்டு, பாக்கலாம்" என்பார். அவருக்குப் பேசிக் காட்டுங்கள். சித்தப்பா வேறு மாதிரி. நிட்டிங் மெஷினுக்கு வந்த நாற்பது பக்க ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, "இதுல என்ன எழுதியிருக்குதுன்னு சொல்லு கண்ணு" என்பார். இங்கே தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். நான்கு வாரப் படிப்பில் எச்எஸ்கே இரண்டாம் நிலை, மிஞ்சினால் மூன்றாம் நிலை எட்டியிருப்பீர்கள். பழைய பாடத்திட்டப்படி அது 300 முதல் 600 சொல். அந்த அளவில் விலை கேட்கலாம், சாம்பிள் கேட்கலாம், நட்டு எங்கே என்று டெக்னீஷியனிடம் கேட்கலாம். வாரண்டி ஷரத்தைப் படிக்க முடியாது. படித்த மாதிரி தலையாட்டினால் பின்னால் வருகிற வம்பு உங்கள் பெயரில் எழுதப்படும். "ஒப்பந்தத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வைங்க சித்தப்பா, நான் மெயில்ல தேதிய மட்டும் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிடுங்கள்.

கைக்கு எட்டுகிற வேலையாக ஒன்று அக்டோபரிலேயே வருகிறது. குவாங்சோவில் 1957 முதல் நடக்கிற கான்டன் வணிகக் கண்காட்சியின் இலையுதிர்காலச் சுற்று அக்டோபர் 15-இல் தொடங்கும். இயந்திரங்கள் முதல் கட்டத்தில், துணியும் ஆடையும் அக்டோபர் 31 முதல் நவம்பர் 4 வரையிலான மூன்றாம் கட்டத்தில். திருப்பூரிலிருந்தும் கோவையிலிருந்தும் குழுவாகப் போகிறவர்கள் உண்டு. அவர்களோடு கூடப் போய் ஸ்டால்களில் விலையும் குறைந்தபட்ச ஆர்டரும் கேட்டுக் குறித்துக் கொடுப்பது உங்கள் நிலைக்குச் சரியான வேலை. கோவை எல்.எம்.டபிள்யூ. நிறுவனம் சூச்சோவில் ஜவுளி இயந்திரத் தொழிற்சாலை வைத்திருக்கிற மாதிரி, சீனத்தோடு நேரடித் தொடர்புள்ள கம்பெனிகள் நம் பக்கத்தில் இருக்கின்றன. விண்ணப்பத்தில் எச்எஸ்கே மதிப்பெண்ணையும் அந்த நூறு தொழில் சொல்லையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

மொழித் தோழரை ஊருக்கு அழைக்க நினைத்தால் இப்போது முடியும். சீனர்களுக்கான சுற்றுலா விசாவை இந்தியா 2025 ஜூலை 24 முதல் மறுபடி கொடுக்கத் தொடங்கியது. பொங்கலுக்கு அழைப்பது நல்லது, வெயிலுக்கு அழைக்காதீர்கள். அவர் ஹோட்டலில் தங்காமல் உங்கள் வீட்டில் தங்கினால் வெளிநாட்டவரைத் தங்கவைத்த வீட்டுக்காரர் என்ற முறையில் அதற்கான படிவத்தை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் பெயரில் முன்கூட்டியே கணக்குத் தொடங்கி வைத்திருங்கள். தோழருடைய பாஸ்போர்ட், விசா நகல், புகைப்படம் மூன்றையும் கிளம்புவதற்கு முன்பே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.